முதல் அட்டையைக் கொடுக்கும் முன்: மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், கவுன்டரில் நிற்கும் பார்மசிஸ்டுகளுக்கும், கூடமாட உதவும் பையன்களுக்கும்,

ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேசவேண்டும். ஆண்களின் வழுக்கைக்கு ஒரு மில்லிகிராம் அளவில் நீங்கள் விற்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை விற்காதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் முதல் அட்டையைக் கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

என்னை உங்களில் சிலருக்காவது தெரியும். மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு வந்து நிற்பவன். என் தலையில் முடி இருந்ததற்குச் சாட்சி பழைய ரேஷன் கார்டு போட்டோ மட்டும்தான். இந்த மாத்திரையால் எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் தெருப் பையன்களுக்குத்தான் ஆகவேண்டியது இருக்கிறது.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற உங்களுக்குத் தெரியாத ஒன்று இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரியும். ஆபீஸ் விடும் நேரம், கடை முழுக்கக் கூட்டம். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன், மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஓரமாக நிற்கிறான். கூட்டம் கலைந்ததும் செல்போனை நீட்டுகிறான். வாயால் பெயர் சொல்ல வெட்கம். யூடியூபில் யாரோ காட்டிய மாத்திரையின் படம் அதில் இருக்கிறது. உங்கள் ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன் எம்ஜியா, ஃபைவா?" என்கிறார். "ஃபைவ் இருந்தா குடுங்கண்ணா, நாலா உடைச்சுப்பேன்." கத்தரிக்கோலால் அட்டையில் பாதியை நறுக்கி, பிரவுன் கவரில் போட்டு, பில் வேணுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுகிறார். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்கவேண்டும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை, நறுக்கியதில் மற்ற பாதியோடு கடையிலேயே தங்கிவிட்டது. விவரத்தாள் பெட்டிக்குள் இருந்திருந்தால் அதுவும் ரேக்கில்தான் இருக்கும்.

என் குறை முழுக்க அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியது.

மாத்திரை மோசமானது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. என் தங்கை மகன் தோல் டாக்டர் மேற்பார்வையில் சில வருஷமாக இதைச் சாப்பிடுகிறான், நன்றாகவே இருக்கிறான், முடியும் நின்றிருக்கிறது. இந்த மருந்து வந்த கதையே சுவையானது. 1974-ல் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர், டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்துக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். அங்கே சில ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் அவர்கள் உடம்பில் டிஹெச்டி என்ற வீரியமான வடிவத்துக்கு மாறுவதில்லை. அவர்களுக்கு பிராஸ்டேட் சுரப்பி வீங்கவில்லை, வழுக்கையும் விழவில்லை. அந்த என்சைமை மருந்தால் தடுத்தால் என்ன என்று மெர்க் கம்பெனி இறங்கியது. 1992-ல் 5 மில்லிகிராம் மாத்திரை பிராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் 1 மில்லிகிராம் மாத்திரை வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. உச்சந்தலை வழுக்கை உள்ள ஆண்களிடம் நடந்த ஐந்து வருட ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கு முடி கூடியது, 42 சதவீதம் பேருக்கு இருந்தது இருந்தபடி நின்றது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 75 சதவீதம் பேருக்கு இருந்ததும் குறைந்தது. ஊரில் விற்கிற எந்த எண்ணெயும் இப்படி ஒரு கணக்கைக் காட்ட முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு ஐந்து வருடக் கணக்கு. பலன் கண்ணுக்குத் தெரியவே மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் வந்தது போய்விடும். அப்படியென்றால் இது வருஷக்கணக்கில் தினமும் விழுங்கவேண்டிய, ஹார்மோனில் கைவைக்கிற மருந்து. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பல பேருக்கு நீங்கள் பழைய சீட்டைப் பார்த்தோ பார்க்காமலோ கொடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அதில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மருந்தை ஆரம்பித்துவைத்தவர் ஒரு டாக்டர். நீங்கள் தொடர்ச்சியைத்தான் கொடுக்கிறீர்கள். ஃபினாஸ்டரைடு விஷயத்தில் ஆரம்பித்து வைப்பவரே நீங்களாகிவிட்டீர்கள். முதல் அட்டை என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

டாக்டரிடம் போனால் என்ன கேட்டுவிடப் போகிறார், அவரும் இதைத்தானே எழுதுவார் என்று நீங்கள் நினைக்கலாம். முதலில் அவர் கேட்பது, கொட்டுகிற முடி எந்த வகை என்று. நம் ஊரில் முடி கொட்டினால் உப்புத்தண்ணீர் மீது பழி, அடுத்தது ஹெல்மெட் மீது பழி. உண்மையில் மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்தவனுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாகக் கொட்டும். நவம்பர் காய்ச்சலை அவன் மறந்தே போயிருப்பான், ஜனவரி கடைசியில் பாத்ரூம் சல்லடை அடைத்துக்கொள்ளும்போது உங்கள் கடைக்கு ஓடிவருவான். அந்தக் கொட்டல் தானாகவே நிற்கும். ஃபினாஸ்டரைடுக்கு அதில் வேலையே இல்லை. புழுவெட்டு வேறு, தைராய்டு வேறு, பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்ததால் கொட்டுவது வேறு. தொப்பியைக் கழற்றச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பார்த்து, நெற்றியிலிருந்தும் உச்சியிலிருந்தும் பரம்பரையாக ஏறுகிற வழுக்கைதானா என்று தீர்மானிக்க ஒரு ஆள் வேண்டும். கவுன்டர் மேல் நீட்டிய செல்போன் திரையில் அது தெரியாது.

பக்கவிளைவுக்கு வருகிறேன். ஆய்வுகளின் முதல் வருடத்தில் பாலியல் ஆசை குறைவது, விறைப்புக் குறைவு, விந்து வெளிப்படுவதில் மாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் மாத்திரைக்காரர்களில் 3.8 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை, வந்தவர்களிலும் நிறுத்தியதும் பலருக்குச் சரியாகிவிட்டது. நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடர்வதாகப் புகார்கள் வந்தன. 2011-லும் 2012-லும் அமெரிக்காவின் எஃப்டிஏ அதை லேபிளில் சேர்க்கவைத்தது. 2022-ல் தற்கொலை எண்ணம் பற்றிய குறிப்பும் சேர்ந்தது. 2024-ல் பிரிட்டனில் மாத்திரைப் பெட்டியோடு நோயாளிக்கான எச்சரிக்கைச் சீட்டு வைக்க முடிவானது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்புக் குழு எல்லாத் தரவுகளையும் திரும்பப் பார்த்து, தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்கவிளைவு என்று உறுதி செய்தது. எத்தனை பேருக்கு வரும் என்பதைக் கணக்கிட முடியவில்லை, பலன் ஆபத்தைவிட அதிகம்தான் என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதுதான் என் வாதமும்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு பையன். கல்லூரியில் படிக்கும்போது மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துத் தேறியவன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நெற்றி ஏற ஆரம்பித்தது. இந்தப் பக்கத்துக் கடை ஒன்றில், எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை, மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தான். சில மாதத்தில் பழையபடி அறைக்கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தான். அவன் அம்மா அலமாரியில் நறுக்கிய அட்டைகளைப் பார்த்துவிட்டு, பழைய மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். மாத்திரையால்தான் வந்ததா என்று அந்த டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. முதலில் நிறுத்து என்றார், மற்ற வைத்தியத்தைத் தொடங்கினார். இப்போது பையன் தேறிவிட்டான். அன்று அவன் என்னிடம் சொன்னது, "என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலியே அங்கிள். கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே." மறைக்கிற பையன் இல்லை அவன். முன்பு மனச்சோர்வு இருந்ததா என்ற ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவன் வேறு பாதையில் போயிருப்பான். மினாக்ஸிடில் தடவிப் பார்த்திருக்கலாம். மொட்டையடித்துக்கொண்டு திரிந்திருக்கலாம்.

அந்த 5 மில்லிகிராமை நாலாக உடைக்கிற வியாபாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு உண்டு. உடைத்தால் மருந்து வெளியே வந்துவிடும். கர்ப்பமாக இருக்கிற பெண் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால்தான் அந்த விதி. நம் வீடுகளில் பிளேடை எடுத்து மாத்திரையைப் பாதியாக்கித் தட்டில் வைப்பது யார்? மாட வீதியிலோ இந்திரா நகரிலோ, புதிதாகக் கல்யாணமான வீட்டில் அந்தப் பெண்தான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவளுக்கு இது எந்த மாத்திரை என்றே தெரியாது. வைட்டமின் என்று அவன் சொல்லியிருப்பான்.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கதி. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிற ஐம்பத்தைந்து வயதுக்காரரும் இப்போது இதைச் சாப்பிடுகிறார். பிராஸ்டேட்டின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஏ அளவை இந்த மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறைத்துவிடும். முழு உடல் பரிசோதனையில் நார்மல் என்று வந்தால், டாக்டருக்கு மாத்திரை விஷயம் தெரிந்திருந்தால்தான் அதை இரண்டால் பெருக்கிப் பார்ப்பார். தெரியாவிட்டால் பிராஸ்டேட் புற்றுநோயின் அறிகுறி ஒன்று கண்ணில் படாமலே போகலாம்.

இனி உங்கள் பக்க நியாயம். நான் பேசிப் பார்த்த கடைக்காரர்கள் எல்லோரும் ஒன்றேதான் சொன்னார்கள்: "நான் குடுக்கலேன்னா எதிர்க் கடையில வாங்குவான் சார். இல்லேன்னா ஆப்ல ஆர்டர் பண்ணுவான்." உண்மை. ஆனால் ஆப் விஷயத்தில் உங்கள் சங்கமே எடுத்த நிலையை உங்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். ஆன்லைன் மருந்து விற்பனைக்கு எதிராகத் தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 டிசம்பர் 17 அன்று நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா, முறையான விதிகள் வரும்வரை ஆன்லைன் விற்பனைக்குத் தடை விதித்தார். அடுத்த மாதமே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்திவைத்தது என்பது வேறு கதை. அன்று உங்கள் தரப்பின் முக்கிய வாதம் என்ன? சீட்டில்லாமல் ஷெட்யூல் ஹெச் மருந்துகள் வீடு தேடிப் போகின்றன, பார்மசிஸ்டின் கண் அதில் படுவதில்லை, ஜனங்களின் உயிருக்கு ஆபத்து என்பது. நான் அன்று உங்கள் பக்கம் இருந்தேன், நீங்கள் நடத்திய கடையடைப்பு நாளில் மருந்து கிடைக்காமல் அலைந்தபோதும் உங்களைத் திட்டவில்லை. ஃபினாஸ்டரைடும் ஷெட்யூல் ஹெச் மருந்துதான். பார்மசிஸ்டின் கண் என்று நீதிமன்றத்தில் எதைப் பெருமையாகச் சொன்னீர்களோ, அது கவுன்டரில் வேலை செய்யவேண்டும் என்று கேட்பதில் தப்பு இருக்கிறதா? அது வேலை செய்யாவிட்டால் ஆப்புக்கும் உங்களுக்கும் டிஸ்கவுன்ட் சதவீதம் தவிர வேறென்ன வித்தியாசம்?

இன்னொருவர், நன்றாகப் படித்த பார்மசிஸ்ட், வேறு மாதிரி மடக்கினார். "பக்கவிளைவைச் சொன்னா, சொன்னதாலேயே வரும் சார்." அவர் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. 2007-ல் இத்தாலிய மருத்துவர்கள் பிராஸ்டேட் நோயாளிகளுக்கு 5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் 43.6 சதவீதம் பேர் வந்தது என்றார்கள்; சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3 சதவீதம். பயம் பாதி வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காலத்துப் பையனுக்குச் சொல்லாமல் இருக்க உங்களால் முடியுமா? நீங்கள் சொல்லாததை ராத்திரி ஒரு மணிக்கு செல்போன் சொல்லும். வாழ்க்கையே போச்சு என்று அழுகிற ஒருவரின் வீடியோவை அது காட்டும். எதிரில் உட்கார்ந்து, நூறு பேரில் மூன்று நாலு பேருக்கு வரலாம், வந்தால் நிறுத்திவிட்டு என்னிடம் வா என்று சொல்லும் டாக்டரின் குரல் அதைவிட எவ்வளவோ மேல். நோயாளியின் கண்ணைப் பார்த்து, பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவரிடம் அவனை அனுப்புவதற்கு இந்த இத்தாலிய ஆய்வே நல்ல காரணம்.

டாக்டர் ஃபீஸ் கொடுக்கப் பையன்களிடம் காசு ஏது என்று கேட்பீர்கள். முடி கிளினிக் பக்கம் அனுப்பினால் ஆறு மாத பேக்கேஜை அவன் தலையில் கட்டுவார்கள் என்பதும் தெரியும். தி.நகரில் அந்த போர்டுகளுக்குக் குறைவில்லை. அவர்களிடம் அனுப்பச் சொல்லவில்லை. தோல் நோய் படித்த டாக்டரிடம் அனுப்புங்கள். காசில்லாதவனை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். காலையில் வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

பையன்களின் அவசரமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஜாதகம் பொருந்தி, வேலை பொருந்தி, கடைசியில் போட்டோவில் நெற்றி அகலமாகத் தெரிந்தால் பேச்சு நின்றுபோகிற ஊர் இது. வெளியே வரும்போது தன் தலையைத் தன் தலையாகவே காட்டிக்கொள்கிற ரஜினிகாந்தைத் தலைவர் என்று கொண்டாடிக்கொண்டே, மாப்பிள்ளைக்கு மட்டும் சுருள் முடி கேட்கிறோம். 2016 மே மாதத்தில் சென்னையில், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 22 வயது மாணவர் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட பிறகு இறந்துபோனார். நாளை டாக்டராகப்போகிறவனையே இந்தப் பயம் அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது என்றால், செல்போனை நீட்டுகிற பையன் எம்மாத்திரம்? அவனுடைய பயத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்தப் பயத்தோடு அவன் முதலில் வந்து நிற்கிற வாசல் உங்களுடையது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஃபினாஸ்டரைடோ, மினாக்ஸிடிலோடு அதைக் கலந்து தலையில் தடவும் திரவமோ, புதிதாகக் கேட்டு வருகிறவனிடம் சீட்டு கேளுங்கள். இல்லையென்றால் கோபமோ கிண்டலோ இல்லாமல், "தம்பி, இது டாக்டர் ஆரம்பிக்க வேண்டிய மருந்து, ஒரு தடவை பார்த்துட்டு வா, இங்கயே குடுக்கறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொட்டை, மண்டை என்ற வார்த்தைகள் கூட்டத்தின் நடுவே உங்கள் உதவியாளர் வாயில் வரவேண்டாம். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் ஆப்புக்கு ஓடுகிறார்கள். சீட்டோடு வருகிறவனுக்கு முழு அட்டையாகக் கொடுங்கள், விவரத்தாள் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். 5 மில்லிகிராமை உடைத்துச் சாப்பிடக் கேட்கிறவனுக்குக் கொடுக்கவே வேண்டாம். பெண்கள் தங்களுக்கென்று கேட்டால் கண்டிப்பாக டாக்டரிடம் அனுப்புங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவன் மனசு சரியில்லை, தூக்கமில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்நேகா என்ற, 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது, மனநல உதவிக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது, இரண்டையும் கவுன்டரில் எழுதி ஒட்டுங்கள். பக்கவிளைவுப் புகாரை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாடிக்கையாளருக்கும் தெரியட்டும்.

ஒரு கடை மட்டும் இதைச் செய்தால் அந்தக் கடைக்கு நஷ்டம், எனக்குப் புரிகிறது. எதிர்க்கடையும் சேர்ந்து செய்தால்தான் நிற்கும். அதனால்தான் ஒரு கடைக்காரரிடம் தனியாகச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். உங்கள் சங்கத்தின் அடுத்த வட்டாரக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். லஸ்ஸிலிருந்து பாண்டி பஜார் வரை, அடையாறு சிக்னல் வரை எல்லாக் கடையிலும் ஒரே வாசகத்தில் ஒரு அறிவிப்பு தொங்கட்டும். அச்சுக்கூலி என்னுடையது. வாசகத்தை மட்டும் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் வாடிக்கையாளர் ஒருவர்